மங்கும் பாஸ்பர் திரை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

திரை மங்கினால் "பாஸ்பர் போச்சு" என்று கைவிரித்துவிடுவது சுலபம். ஆனால் பாஸ்பர் (எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் திரைப் பூச்சு) தேய்ந்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது. ஹீட்டர் (டியூபின் கேத்தோடைச் சூடாக்கும் கம்பி) சாலிடரில் விரிசல் என்றால் ஐந்து நிமிட வேலை. அதனால் பாஸ்பரைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொண்டு, மலிவான காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் கீழே உள்ள முறை. பிக்சர் டியூப், ஆசிலோஸ்கோப் டியூப், விஎஃப்டி டிஸ்ப்ளே (வெற்றிடக் குழாய்க்குள் எண்ணும் எழுத்தும் ஒளிரும் காட்டி), எலக்ட்ரான் நுண்ணோக்கியின் டிடெக்டர் என்று எலக்ட்ரான் பட்டு பாஸ்பர் ஒளிரும் எல்லாக் கருவிக்கும் இந்த வரிசை பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். பாஸ்பரின் வயது மணிக்கணக்கில் ஏறுவதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கூலும் மின்னூட்டம் விழுந்தது என்பதில்தான் ஏறுகிறது. ஆகவே பாஸ்பர் தேய்வு எப்போதும் இடத்தோடு ஒட்டியது. படத்தோடு சேர்ந்து நகரும் மங்கல் சர்க்யூட்டில் இருக்கிறது. நேரத்தோடு மாறும் மங்கல் கேத்தோடிலோ (எலக்ட்ரானை வெளியிடும் முனை) சூட்டிலோ இருக்கிறது. கண்ணாடியின் ஓர் இடத்தைவிட்டு அசையாத மங்கல்தான் பாஸ்பர்.

## கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபின் ஆனோடில் (எலக்ட்ரானை இழுக்கும் உயர் மின்னழுத்த முனை) 15 முதல் 30 கிலோவோல்ட் வரை தங்கியிருக்கும். காப்பிட்ட ஒயரின் ஒரு முனையை டியூபின் வெளிப்புறக் கரிப்பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்னல் கம்பியில் கிளிப் செய்யுங்கள். மறுமுனையை நீண்ட பிளேடு கொண்ட ஸ்க்ரூடிரைவரில் கட்டி, ஆனோடு ரப்பர் மூடிக்கு அடியில் செருகுங்கள். ஒரு கை வேலை செய்யும்போது மறு கை பாக்கெட்டில் இருக்கட்டும். சில நிமிடம் கழித்து இதையே மறுபடி செய்யவும். கண்ணாடியில் ஊறியிருந்த மின்னூட்டம் திரும்ப எழும். இரண்டாம் முறையை விட்டவர்கள்தான் அடி வாங்குவார்கள்.

டியூபின் கழுத்தில் எதையும் இடிக்காதீர்கள். உடைந்த பழைய டியூபின் உள்பூச்சை வெறும் கையால் தொடவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்; சில பழைய பாஸ்பர்களில் காட்மியம் உண்டு.

தேவையான கருவிகள்: உண்மையான ஆர்எம்எஸ் அளக்கும் மல்டிமீட்டர், உயர் மின்னழுத்தப் புரோப், 1 கிலோஓம் ரெசிஸ்டர் மூன்று, ஒரு லக்ஸ் மீட்டர் (ஒப்பிட மட்டுமே என்பதால் செல்போன் ஆப்பும் போதும்), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்.

## முதல் சோதனை: படத்தை நகர்த்திப் பாருங்கள்

முழு வெள்ளைத் திரையைக் கொண்டுவந்து, மங்கல் தெரியும் இடத்தின் ஓரத்தைக் கண்ணாடியில் மார்க்கரால் குறியுங்கள். படத்தைக் கிடைமட்டமாக இரண்டு சென்டிமீட்டர் தள்ளுங்கள். ஆசிலோஸ்கோப்பில் பொசிஷன் குமிழ் போதும்.

- மங்கல் படத்தோடு நகர்ந்தால்: வீடியோ அல்லது டிஃப்ளெக்ஷன் சர்க்யூட் (எலக்ட்ரான் கற்றையை வளைத்துத் திரையெங்கும் ஓட்டுவது). பாஸ்பரை மறந்துவிடலாம்.
- குறியிலேயே நின்றால்: டீகாஸ் செய்து (திரையில் ஏறிய காந்தத்தை நீக்கி) மறுபடி பாருங்கள். நிறத் திட்டு மறைந்தால் அது காந்தம். மறையாவிட்டால் "திரையில் பதிந்த நிழல்" பகுதிக்குப் போங்கள்.
- திரை முழுக்க ஒரே அளவு மங்கல் என்றால் அடுத்த பகுதி.

## அறிகுறி: திரை முழுவதும் ஒரே சீராக மங்கல்

இந்த அறிகுறியில்தான் பாஸ்பர் மேல் வீண்பழி அதிகம் விழும்.

தூசி. உயர் மின்னழுத்தம் தூசியை இழுக்கும். முகப்புக்கு முன்னால் தனிப் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் அதன் உள்பக்கத்தைத் துடையுங்கள். துடைக்கும் முன்னும் பின்னும் லக்ஸ் அளந்து பாருங்கள்.

ஹீட்டர். பெரும்பாலான டியூபுகளுக்கு 6.3 வோல்ட். ஃபிளைபேக்கிலிருந்து (உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) ஹீட்டருக்கு மின்சாரம் எடுக்கும் செட்டில் வருவது சைன் அலை அல்ல, கூர்மையான துடிப்பு. சாதாரண மீட்டர் அங்கே காட்டும் எண்ணை நம்பக் கூடாது. கழுத்துச் சாக்கெட் போர்டில் அளக்காமல், டியூபின் பின்னிலேயே அளக்கவும். சாக்கெட் பின் தளர்ந்திருந்தால் போர்டில் 6.3 காட்டி, டியூபுக்கு 5.5-தான் போகும். ஹீட்டர் தொடரில் உள்ள சிறு ரெசிஸ்டரையும் அதன் சாலிடரையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கற்றை மின்னோட்ட வரம்புச் சர்க்யூட். ஃபிளைபேக் சுற்றின் கீழ்முனையில் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பல வருடச் சூட்டில் அதன் மதிப்பு ஏறிவிடும். "அதிக மின்னோட்டம் போகிறது" என்று செட் தவறாக நினைத்துக்கொண்டு தானே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஒரு காலைக் கழற்றி அளந்து, 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் மாற்றுங்கள். செலவு மிகக் குறைந்த வெற்றி இதுதான். சோதிக்காமல் விடப்படுவதும் இதுதான்.

ஸ்கிரீன் கிரிட் (கற்றையின் அளவை நிர்ணயிக்கும் மின்முனைகளில் ஒன்று) மின்னழுத்தம். சில நூறு வோல்ட் இருக்கும். அது வரும் குமிழின் உள்மின்தடை மிக அதிகம். 10 மெகாஓம் மீட்டரை வைத்தாலே இழுத்துக்கொண்டு குறைவாகக் காட்டும். உயர் மின்னழுத்தப் புரோப் வைத்தே அளக்கவும். வெளிச்சம் போதவில்லை என்று இந்தக் குமிழைத் திருகி ஏற்றுவது பழைய கெட்ட பழக்கம். கறுப்பு சாம்பலாகும், திரும்பும் கோடுகள் தெரியும், உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும்.

ஆனோடு மின்னழுத்தம். வெளிச்சத்தைக் கூட்டும்போது படம் ஊதிப் பெரிதாகிறது, கூடவே மங்குகிறது என்றால் மின்னழுத்தம் சரிகிறது. இங்கே செய்யக் கூடாதது ஒன்று உண்டு: தேய்ந்த பாஸ்பரை ஈடுகட்டக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆனோடு மின்னழுத்தத்தை ஏற்றாதீர்கள். வெளிச்சம் கூடும்தான், எக்ஸ் கதிரும் கூடும். அதைத் தடுக்கவே செட்டில் தானே அணைந்துபோகும் சர்க்யூட் இருக்கிறது. அதைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது குற்றத்துக்குச் சமம்.

கேத்தோடு. இதற்கு மூன்று அடையாளங்கள். குளிர்ந்த நிலையில் போட்டால் படம் முழு வெளிச்சத்துக்கு வரப் பல நிமிடம் ஆகும். பளிச்சென்ற வெள்ளைப் பகுதிகள் வெள்ளிப் பூச்சு போலத் தட்டையாகத் தெரியும். கான்ட்ராஸ்டை ஏற்றினால் வெளிச்சம் கூடாமல் ஃபோகஸ் மட்டும் கரையும். உறுதி செய்ய, வெளி மின்வழங்கியிலிருந்து ஹீட்டரை 6.3-லிருந்து 7 வோல்ட்டுக்குச் சில நிமிடம் மட்டும் ஏற்றிப் பாருங்கள். வெளிச்சம் கண்ணுக்குத் தெரியக் கூடினால் கேத்தோடு களைத்துவிட்டது. துளியும் மாறாவிட்டால் குறை வேறெங்கோ.

### மைக்ரோ ஆம்பியருக்கு எத்தனை லக்ஸ்?

மேலே உள்ள எல்லாம் சரி, இன்னும் மங்கல் என்றால்தான் பாஸ்பருக்கு முறை வருகிறது. கண்ணால் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அளந்து சொல்லலாம்.

1. செட்டை அணைத்து ஆனோடை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு கேத்தோடுக்கும் வரும் ஒயரில் 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, அதற்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்.
2. பேட்டரி மீட்டரை ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் கிளிப் செய்துவிட்டுப் பிறகு செட்டைப் போடுங்கள். கேத்தோடு தரையிலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேலே நிற்கும். ஓடும்போது கிளிப்பைத் தொடாதீர்கள்.
3. அசையாத வெள்ளைத் திரை. மீட்டரில் 1 மில்லிவோல்ட் என்றால் சராசரியாக 1 மைக்ரோ ஆம்பியர்.
4. கறுப்புக் குழாய் ஒன்றைத் திரையோடு ஒட்டிப் பிடித்து, அதன் மறுமுனையில் லக்ஸ் மீட்டர். ஒவ்வொரு முறையும் அதே குழாய், அதே இடம்.

மின்னோட்டம் குறைவு, வெளிச்சமும் குறைவு: கேத்தோடு அல்லது அதை இயக்கும் சர்க்யூட். மின்னோட்டம் சரி, ஆனோடு மின்னழுத்தம் சரி, வெளிச்சம் மட்டும் குறைவு: பாஸ்பர், அல்லது பழுப்பேறிய முகப்புக் கண்ணாடி. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

புதிய டியூபின் அளவு கையில் இல்லாவிட்டாலும் ஒப்பிட ஓர் இடம் டியூபிலேயே இருக்கிறது: சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஓரம். அங்கே கற்றை விழுந்ததே அரிது. படத்தை ஓரத்துக்குத் தள்ளி, அந்தப் பட்டையின் வெளிச்சத்தைப் பக்கத்தில் தினமும் எரிந்த பகுதியோடு ஒப்பிடுங்கள். நடுவோடு ஒப்பிட வேண்டாம். புது டியூபிலேயே ஓரம் நடுவைவிட மங்கல்தான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கேத்தோடு என்று முடிவானால். டியூப் புதுப்பிக்கும் கருவி கேத்தோடின் மேற்பரப்பைச் சுட்டுத் துப்புரவாக்கும். கை தவறினால் பூச்சே உரிந்துவிடும், ஹீட்டரும் கேத்தோடும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருவி பாஸ்பருக்கு ஒன்றும் செய்யாது. "ரீசார்ஜ் செய்தால் திரை புதுசாகும்" என்பவரிடம் எந்தப் பகுதியை என்று கேளுங்கள்.

## அறிகுறி: திரையில் பதிந்த நிழல்

பழைய மெனு, எண்களின் கட்டம், கேமரா காட்சியின் தேதி வரி என்று ஒரே இடத்தில் நெடுநாள் நின்றது அப்படியே பதிந்திருக்கும்.

அணைத்த திரையில் பகல் வெளிச்சத்திலேயே பழுப்பாகத் தெரிகிறதா? தேய்வு முற்றிவிட்டது. பாஸ்பர் துகளின் மேற்பரப்பே மாறிவிட்டது, கண்ணாடியும் பழுப்பேறியிருக்கலாம். வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் நீராவியையும் எலக்ட்ரான்கள் உடைக்கின்றன. உடைந்தது துத்தநாக சல்பைடின் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயுவாகப் போக, துகளின் மேல் ஒளிராத ஆக்சைடுத் தோல் ஒன்று எஞ்சும். எந்தச் சிகிச்சையும் அதை உரிக்காது.

எரியும்போது மட்டும் தெரிகிறதா? எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்கிடலாம். நிழலுக்குள் ஓர் அளவு, அதை ஒட்டி வெளியே ஓர் அளவு எடுங்கள். மிஞ்சிய வெளிச்சம் = முதல் வெளிச்சம் ÷ (1 + தேய்வெண் × விழுந்த மின்னூட்டம்). ப்ஃபான்ல் விதி என்பார்கள். இதில் தேய்வெண் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை, விகிதமே போதும்.

உள்ளே 80, வெளியே 100 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கல் தொகை (தேய்வெண் × மின்னூட்டம்) 0.25. வெளிச்சம் பாதியாக அது 1 ஆக வேண்டும். அதாவது இதுவரை ஓடியதைப் போல இன்னும் 3 மடங்கு காலம் அதே படம் ஓடினால்தான் பாதியாகும். உள்ளே 67 என்றால் தொகை 0.5, இதுவரை ஓடிய அளவு இன்னொரு முறை ஓடினாலே பாதி. ஆரம்பத்தில் வேகமாக விழுந்து பிறகு மெல்ல இறங்குவதுதான் இந்தக் கோட்டின் குணம். முதல் மாதத்திலேயே நிழல் தெரிகிறதே என்று பதறவும் வேண்டாம், "அப்புறம் நின்றுவிடும்" என்று அலட்சியமும் வேண்டாம்.

புற ஊதா டார்ச் சோதனை. இருட்டில் அணைத்த திரையில் அடியுங்கள். நிழல் அங்கும் தெரிந்தால் தேய்வு உறுதி. தெரியாவிட்டால் பாஸ்பர் நலம் என்று பொருளல்ல. டார்ச் ஒளி கண்ணாடிப் பக்கத்திலிருந்து பட்டுத் துகளுக்குள் ஆழமாகப் போகிறது. எலக்ட்ரான் அடித்தது மறுபக்கத்தின் மெல்லிய தோலை. இந்தச் சோதனையில் "ஆம்" என்ற பதிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடியவை, செலவு ஏறும் வரிசையில்:

- கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். மின்னோட்டம் பாதியானால் அதே தேய்வுக்கு இரு மடங்கு காலம்.
- நிலையான காட்சியைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை சில பிக்சல் நகர்த்துங்கள். முடிந்தால் நாளில் பாதி நேரம் நிறம் தலைகீழாக்குங்கள்.
- நிழலின் எதிர்ப்படத்தை ஓட்டி மற்ற இடத்தையும் தேய்த்துச் சமப்படுத்தும் வித்தை உண்டு. பலிக்கும். ஆனால் நல்ல பகுதியைக் கெட்ட பகுதியின் தரத்துக்கு இறக்குகிறீர்கள். தொகை 0.25 தாண்டிய திரையில் இதைச் செய்தால், வெளிச்சம் பாதியாகும் வரையிலான ஆயுளில் கால் பங்குக்கு மேல் அதிலேயே போகும்.
- டியூபை மாற்றுவது.

## அறிகுறி: நடுவில் கருத்த புள்ளி, அல்லது ஒரு கோடு

கற்றை ஓடாமல் நின்றதன் தழும்பு. எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்று பாருங்கள்: 10 மைக்ரோ ஆம்பியர் கற்றை 100 சதுர சென்டிமீட்டரில் பரவி ஓடினால், சதுர சென்டிமீட்டருக்கு 1 கூலும் சேர ஏறத்தாழ 2,800 மணி நேரம். அதே கற்றை 1 சதுர மில்லிமீட்டர் புள்ளியில் நின்றால் 17 நிமிடம். அதோடு புள்ளியின் சூடும் சேரும். உண்மையில் 17 நிமிடம்கூடக் கிடைக்காது.

- செட்டை அணைத்ததும் நடுவில் ஒளிப்புள்ளி தங்குகிறதா? புள்ளியை அணைக்கும் சர்க்யூட்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை முதலில் மாற்றுங்கள். பிறகு ஆனோடை வடிக்கும் ரெசிஸ்டர்.
- குறுக்கே ஒரே ஒரு பளிச்சென்ற கோடு மட்டும் தெரிகிறதா? செங்குத்து டிஃப்ளெக்ஷன் படுத்துவிட்டது. முதல் வேலை வெளிச்சத்தைக் கண்ணுக்கு லேசாகத் தெரியும் அளவுக்கு இறக்குவது. கோளாறு தேடுவது அதற்குப் பிறகுதான். கோட்டைப் பார்த்துக்கொண்டே சர்க்யூட்டை ஆராய்ந்து, செட்டைச் சரிசெய்து, திரையைக் கெடுத்துவிடுவது அடிக்கடி நடப்பது.
- ஆசிலோஸ்கோப்பில் எக்ஸ்-ஒய் நிலை, சிக்னல் இல்லை? இன்டென்சிட்டியைக் குறைக்காமல் இந்த நிலைக்கு மாற்றவே கூடாது. பி31 பாஸ்பர் (பி எண் பாஸ்பர் வகையின் குறியீடு) ஓரளவு தாங்கும். பி7, பி11 அந்த அளவு தாங்காது.
- அலுமினியப் பூச்சு இல்லாத மிகப் பழைய டியூபில் நடுவில் வட்டக் கறை? அது அயனித் தழும்பாக இருக்கலாம். எதிர்மின் அயனிகளைக் காந்தச் சுருள் பெரிதாக வளைக்க முடியாது. நேரே நடுவில் போய் விழும். கழுத்தில் உள்ள அயனிப் பொறிக் காந்தம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சம் உச்சமாகும் நிலையில் அதை வைக்க வேண்டும்.

## அறிகுறி: ஒரு நிறம் மட்டும் குறைவு

இரண்டு நிறங்களின் கேத்தோடு ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். குறை ஒயரோடு போனால் வீடியோ ஆம்ப்ளிஃபயர். டியூபோடு நின்றால் கன் (அந்த நிறத்துக்கான எலக்ட்ரானைச் சுடும் பகுதி) அல்லது பாஸ்பர். அந்த கன்னின் மின்னோட்டத்தை மேலே சொன்னபடி அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கேத்தோடுதான்.

திரை முழுக்க நீலம் மெல்லக் குறைந்து வெள்ளை மஞ்சளாகியிருந்தால் பாஸ்பர் தேய்வைக் கணக்கில் எடுக்கலாம். நிறத் திரையில் சிவப்பு இட்ரியம் ஆக்சிசல்பைடு, நீலமும் பச்சையும் துத்தநாக சல்பைடு. சல்பைடுதான் முதலில் வாடும். ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை சரியாகி, ஏற்றினால் மஞ்சளாகிறது என்றால் அது தேய்வே அல்ல. உயர் மின்னோட்டத்தில் நீலப் பாஸ்பர் நிறைவுற்று நின்றுவிடுகிறது. கான்ட்ராஸ்டைக் குறைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

## அறிகுறி: போட்டதும் நன்றாக இருக்கிறது, சூடானதும் மங்குகிறது

ஆற வைத்தால் திரும்ப வருகிறதா? வந்தால் பாஸ்பர் சூட்டில் சோர்கிறது, தேயவில்லை. புரொஜெக்ஷன் டியூபுகளில் வழக்கம். மின்விசிறி, காற்று வழி, முகப்புக்கு முன்னால் உள்ள குளிர்ப்புத் திரவத்தின் அளவு மூன்றையும் பாருங்கள். திரவம் கலங்கியிருந்தாலும் பூஞ்சை பிடித்திருந்தாலும் பாஸ்பர் தேய்வு மாதிரியே தோற்றம் தரும்; டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மூட்டம் தெரிந்துவிடும். திரவத்தை மாற்றுவதில் சீல் ஒழுகினால் கீழே உள்ள போர்டு முழுக்கப் போகும். பழகாதவர்கள் அந்தக் கட்டத்தில் ஆளைக் கூப்பிடுவது நல்லது.

## அறிகுறி: ஆசிலோஸ்கோப் டிரேஸ் மங்கல்

வேகமான ஸ்வீப்பில் மட்டும் மங்கலா? சிக்னலைப் பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை 50 நானோசெகண்டு அளவில் 10 கட்டத்துக்குப் பார்த்தால், ஒவ்வொரு 1 மில்லிசெகண்டிலும் கற்றை எரிவது 500 நானோசெகண்டு. அதாவது 2,000-ல் ஒரு பங்கு நேரம். மங்காமல் என்ன செய்யும்? 1 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்தும் மங்கலாக இருந்தால்தான் கோளாறு.

எல்லா வேகத்திலும் மங்கல் என்றால், காலிபிரேட்டர் சதுர அலையைப் போட்டு உயரத்தை அளக்கவும். அலை இரு திசையிலும் பெரிதாகியிருக்கிறதா? கற்றையின் முடுக்க மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. மெதுவான எலக்ட்ரான் சுலபமாக வளைகிறது. கேத்தோடு எதிர்மின்னழுத்தத்தைப் புரோப்பால் அளந்து, உயர் மின்னழுத்தப் பிரிப்பில் உள்ள பல மெகாஓம் ரெசிஸ்டர்களைக் கழற்றிச் சோதியுங்கள். மதிப்பு ஏறுவதுதான் அவற்றின் நோய். உயரம் சரி, மங்கல் மட்டும் என்றால் இசட் அச்சு ஆம்ப்ளிஃபயர் (டிரேஸின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது), பிறகு ஆனோடு மல்டிப்ளையர், பிறகு கேத்தோடு.

அதற்கும் பிறகு பாஸ்பர்: ஸ்வீப்பைச் சுருக்கி 1 சென்டிமீட்டர் கட்டமாக்கி, நடுக்கோட்டிலும் யாரும் பயன்படுத்தாத மேல் மூலையிலும் ஒப்பிடுங்கள். நடுக்கோடு மட்டும் மங்கல் என்றால் பல வருடம் சிக்னல் இல்லாமல் அங்கேயே ஓடிய கோட்டின் வேலை. வேறு வைத்தியம் வேண்டாம். பொசிஷனை அரைக் கட்டம் தள்ளி வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

டியூப் மாற்றுவதானால் பாஸ்பர் குறியீடு பொருந்த வேண்டும். ஐரோப்பிய டியூப் எண்ணின் இறுதியில் ஜிஎச் என்றால் பி31, ஜிஎம் என்றால் பி7, ஜிஒய் என்றால் பி43.

## அறிகுறி: விஎஃப்டி டிஸ்ப்ளே மங்கல்

எல்லா எழுத்துப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் எரிய விடும் சோதனை நிலைக்குப் போங்கள்.

தினமும் எரிந்தவை மங்கல், எப்போதாவது எரிந்தவை பளிச்: பாஸ்பர் தேய்வு. இங்கே ஆனோடு மின்னழுத்தம் சில பத்து வோல்ட்தான். எலக்ட்ரான் துத்தநாக ஆக்சைடின் மேல்தோலைத் தாண்டிப் போவதே இல்லை. மேல்தோல் கெட்டால் எல்லாம் கெட்டது. மாற்றுவதுதான் வழி.

எல்லாமே மங்கல்: டிசி-டிசி மாற்றியின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் முதல் சந்தேகம். இஎஸ்ஆர் மீட்டரில் (கெப்பாசிட்டரின் உள்மின்தடையை அளப்பது) பாருங்கள். அடுத்து ஃபிலமென்ட் மின்னழுத்தம். இருட்டில் ஃபிலமென்ட் கம்பி தெரியவே கூடாது, தெரிந்தாலும் மிக மெல்லிய சிவப்பு. நன்றாகச் சிவந்து எரிந்தால் அளவுக்கு மீறி ஓட்டப்படுகிறது. பூச்சு ஆவியாகிப் பாஸ்பர் மேல் படியும்.

ஒரு முனை பளிச், மறு முனை மங்கல்: ஃபிலமென்டுக்கு மாறுமின்னோட்டத்துக்குப் பதில் நேர்மின்னோட்டம் போகிறது, அல்லது பல கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது.

ஒரு இலக்கம் முழுக்க மங்கல்: அந்த கிரிட்டின் டிரைவர்.

வேலையைத் தொடங்கும் முன்பே கண்ணாடியின் மூலையில் உள்ள கெட்டர் புள்ளியை (மிச்ச வாயுவை உறிஞ்சும் உலோகப் பூச்சு) பாருங்கள். வெள்ளி அல்லது கருவெள்ளியாக இருந்தால் சரி. பால் வெள்ளையாகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. மீட்டரை எடுத்து வையுங்கள்.

ஃபிலமென்டை அதிக மின்னழுத்தத்தில் சில நொடி சுட்டு உயிர்ப்பிப்பார்கள். வேறு வழியே இல்லாத டிஸ்ப்ளேயில், ஆனோடைத் துண்டித்துவிட்டு, கம்பி அறுந்தாலும் பரவாயில்லை என்ற மனநிலையோடு மட்டும் செய்யுங்கள்.

## அறிகுறி: ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் மணல் மணலாக

படம் மங்குவது இங்கே தெரியாது, ஃபோட்டோமல்டிப்ளையர் (மங்கிய ஒளியை மின்சிக்னலாகப் பெருக்கும் குழாய்) ஈடுகட்டிவிடும். தெரிவது இரைச்சல். கான்ட்ராஸ்ட் குமிழ் போன வருடத்தைவிட மேலே நிற்கும்.

அதனால் நோட்டில் குறித்து வைப்பதே முதல் கருவி. மாதம் ஒருமுறை அதே சோதனைச் சாம்பிள், அதே முடுக்க மின்னழுத்தம், அதே தூரம், கற்றை கடந்துபோகும் அதே துளை. ஃபாரடே கோப்பையில் (கற்றையைப் பிடித்து அதன் மின்னோட்டத்தை அளக்கும் சிறு குழி) கற்றை மின்னோட்டத்தை ஒரே அளவுக்கு, 100 பிக்கோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம், கொண்டுவந்து, படத்தின் சராசரிச் சாம்பல் நிறம் ஒரே இடத்தில் நிற்க எவ்வளவு ஃபோட்டோமல்டிப்ளையர் மின்னழுத்தம் தேவை என்று குறித்து வையுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால்:

1. ஃபாரடே கோப்பையை மறுபடி அளக்கவும். கற்றையே குறைந்திருந்தால் டிடெக்டர் மேல் தப்பில்லை. ஃபிலமென்டையும் துளையையும் பாருங்கள்.
2. டிடெக்டரின் முன் கிரிட்டின் மின்னழுத்தத்தை நேர்மின்னிலிருந்து எதிர்மின்னுக்கு மாற்றுங்கள். படம் பெரிதும் கருத்துப்போக வேண்டும். மாறாவிட்டால் கிரிட் இணைப்பு அறுந்திருக்கிறது.
3. சிண்டில்லேட்டருக்கு (டிடெக்டரில் எலக்ட்ரான் பட்டு ஒளிரும் தட்டு) போகும் சுமார் 10 கிலோவோல்ட் மின்வழங்கி. படத்தில் திடீர்க் கோடுகளும் மின்னலும் வந்தால் அங்கே கசிவு.
4. கற்றையை மறைத்துவிட்டு ஃபோட்டோமல்டிப்ளையரை ஏற்றுங்கள். வெறும் இருட்டிலேயே இரைச்சல் அதிகம் என்றால் வெளி ஒளிக் கசிவு அல்லது குழாயே தளர்ந்துவிட்டது.
5. ஒளிக்குழாயும் சிண்டில்லேட்டரும் சேரும் முகத்தில் மூட்டம்.
6. கடைசியில் சிண்டில்லேட்டர் தட்டு. பம்ப் எண்ணெய் ஆவி, கரிப்படிவு, பல வருடக் கற்றை மூன்றும் சேர்ந்து அதை மழுங்கடிக்கும்.

மூன்றாவது படியில் மின்வழங்கியைத் திறப்பதும், ஆறாவதில் தட்டைக் கழற்றுவதும் சர்வீஸ் பொறியாளரின் வேலை. உங்கள் ஆய்வகத்துக்கே அந்த அனுமதி இருந்தால்: சேம்பரைக் காற்றுக்குத் திறக்கும் முன் உயர் மின்னழுத்தத்தை அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, கையுறையோடு தட்டின் விளிம்பை மட்டும் இடுக்கியால் பிடியுங்கள். பொடிப் பூச்சுத் தட்டைத் துடைக்கவே கூடாது. மேலே உள்ள அலுமினியப் படலம் நானோமீட்டர் கணக்கில்தான் தடிமன், ஒரு தேய்ப்பில் பொடியோடு வந்துவிடும். ஒற்றைப் படிக யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட்) தட்டென்றால் ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி அலுமினியம் பூசிக்கொள்ளலாம்.

மாற்றுத் தட்டு வாங்கும்போது வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள். பி47 பல பத்து நானோசெகண்டில் அணைந்துவிடும். பி43 அதிக ஒளி தரும், ஆனால் அணைய 1 மில்லிசெகண்டு அளவு ஆகும். அதை வேகமான ஸ்கேனிங்கில் வைத்தால் ஒவ்வொரு விளிம்பும் வலப்பக்கம் வால் இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் அந்த வாலுக்குக் காரணம் தேடி ஃபோகஸையும் ஸ்டிக்மேட்டரையும் (கற்றையை வட்டமாக்கும் திருத்தக் குமிழ்) திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.